மண்ணின் மைந்தர் ஆயரானது 1923ல். பங்குக் கணக்கு மக்கள் முன் வருவது எப்போது?

வெளியூரில் வேலை பார்க்கும் கத்தோலிக்க இளைஞர் ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமானால், மண்டபம் புக் பண்ணுவதற்கு முன்பே ஒரு காகிதத்தைத் தேட வேண்டியிருக்கிறது. ஞானஸ்நான சர்ட்டிஃபிகேட். சென்னையில் பத்து வருஷமாகக் குடியிருந்தாலும், பெங்களூருவில் சொந்தமாக ஃபிளாட் வாங்கியிருந்தாலும், குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற ஊர்க் கோவிலின் பதிவேட்டில்தான் அவர் பெயர் இருக்கும். அங்கே போன் போட்டால் பல ஊர்களில் அடுத்த கேள்வி இதுதான்: "உங்க வீட்டுக் கோவில் வரி பாக்கி இருக்கே தம்பி, அத யாரு கட்டுறது?"

பாக்கியைக் கட்டிவிடலாம். பெரிய தொகையாகக்கூட இருக்காது. ஆனால் அந்த இடத்தில் ஒரு கேள்வி எழுந்தே தீரும். இந்த வரியை யார் நிர்ணயிக்கிறார்கள்? திருவிழாவுக்கு வசூலித்த பணம், கல்லறைத் தோட்டத்துக்கு வாங்கிய நன்கொடை, கோவில் கடை வாடகை, இதற்கெல்லாம் கணக்கு யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்க ஊர்க்காரருக்கு உரிமை உண்டா?

உண்டு. திருச்சபையின் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் கேட்பவரை ஏதோ சாமியாரை எதிர்க்கிறவர் போலப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்தப் பழக்கம் எவ்வளவு தவறு என்று புரிய, தூத்துக்குடி மறைமாவட்டத்தின் கதையை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

பங்கு, மறைமாவட்டம்: என்ன வித்தியாசம்?

கத்தோலிக்கருக்கு 'பங்கு' என்பது ஒரு கட்டடத்தின் பெயர் இல்லை. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் மக்கள் சமூகம்தான் பங்கு. அதற்கு ஆயர் ஒரு பங்குத்தந்தையை நியமிக்கிறார். பெரிய கோவில், அதைச் சுற்றிக் கிளைக் கோவில்கள், கெபி, பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம், தெருத்தெருவாகக் கூடும் அன்பியங்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு பங்கு. இப்படிப் பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். அதன் தலைவர் ஆயர்.

ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகிய மூன்றுக்கும் பதிவேடு இருக்க வேண்டும். ஒருவர் எந்த நாட்டில் கல்யாணம் செய்தாலும் அந்தத் தகவல் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் திரும்பி வந்து, பழைய பதிவின் ஓரத்தில் ஏற வேண்டும். அதனால்தான் கல்யாணத்துக்குப் பழைய சர்ட்டிஃபிகேட் செல்லாது, புதிதாக எடுத்து வரச் சொல்கிறார்கள். இவர் ஏற்கெனவே திருமணமானவரா இல்லையா என்று அந்த ஓரக்குறிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பங்குத்தந்தை சில வருஷங்களில் மாறுதலாகிப் போய்விடுவார். ஆயரும் ஓய்வு பெறுவார். ஊர் மட்டும் அங்கேயே இருக்கும்.

1923ல் என்ன நடந்தது?

1923ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று, திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திலிருந்து தூத்துக்குடி தனியாகப் பிரிக்கப்பட்டது. முதல் ஆயராக நியமிக்கப்பட்டவர் சேசு சபையைச் சேர்ந்த திபூர்சியுஸ் ரோச். நவீன காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் அவர்தான்.

அது ஏன் பெரிய விஷயம்? கேரளத்தின் சிரியன் கத்தோலிக்கருக்கு 1896லேயே உள்ளூர் ஆயர்கள் கிடைத்துவிட்டார்கள். ஆனால் இந்தியாவின் லத்தீன் மறைமாவட்டங்களில் போர்ச்சுகீசியர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், பெல்ஜியர் என்று ஐரோப்பியர்தான் ஆயர்களாக இருந்தார்கள். 'உள்ளூர்க்காரர்கள் இன்னும் பக்குவப்படவில்லை' என்பது வழக்கமான சமாதானம். 1919ல் பாப்பரசர் 15ஆம் பெனடிக்ட், மறைபரப்பு நாடுகளில் உள்ளூர் குருக்களை வளர்த்துப் பொறுப்பை அவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாக எழுதினார். அடுத்த 4 வருஷத்தில் தூத்துக்குடியில் அது நடந்தது. 6 சீன ஆயர்கள் ரோமில் திருநிலைப்படுத்தப்பட்டது அதற்குப் பிறகு, 1926ல்தான்.

ரோச் ஆண்டகை 30 வருஷம், 1953 வரை பொறுப்பில் இருந்தார். 'பக்குவம் இல்லை' என்ற வாதம் அதோடு செத்துப்போனது. செத்துப்போன அந்த வாதம் இப்போது வேறு இடத்தில் உயிரோடு இருக்கிறது என்பதுதான் சிக்கல். அன்று ஐரோப்பியர் உள்ளூர் சாமியார்களைப் பார்த்துச் சொன்னதை, இன்று சில பங்குகளில் சாமியார்கள் ஊர்மக்களைப் பார்த்துச் சொல்கிறார்கள்: 'இவங்ககிட்ட கணக்கைக் கொடுத்தா அரசியல் பண்ணிடுவாங்க'.

அதற்கு முன்பு ஊரை நடத்தியது யார்?

முத்துக்குளித்துறையின் கிறிஸ்தவம் சாமியார்களால் தொடங்கவில்லை. 1530களில் முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த மோதலில் நெருக்கடிக்குள்ளான பரதவர்கள், குதிரை வியாபாரி ஜான் தெ குரூஸ் கொடுத்த யோசனைப்படி கொச்சிக்கு ஆள் அனுப்பி, போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். மதம் மாறுவது என்பதை ஊர்த் தலைவர்கள் கூடி எடுத்த முடிவாகவே செய்தார்கள். அதில் அரசியல் இருந்தது, பிழைப்பு இருந்தது. ஆனால் முடிவு அவர்களுடையது.

1542ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. அவர் உள்ளூர்க்காரர்களின் துணையோடு அடிப்படை மன்றாட்டுகளைத் தமிழில் மாற்றி, மனப்பாடம் செய்து, மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒவ்வொரு ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். ஜெபம் சொல்லித்தருவது, ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கல்யாண விஷயங்களைக் கவனிப்பது எல்லாம் அவர்கள் வேலை. அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து? போர்ச்சுகல் அரசிக்குக் காலணி வாங்குவதற்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை இதற்குத் திருப்பிவிடச் சொல்லி வாங்கினார் சவேரியார். இந்தப் பகுதியின் முதல் பங்கு பட்ஜெட் என்று அதைச் சொல்லலாம். அது போனது முழுக்கப் பொதுநிலையினருக்கு.

1658ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்க குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், கோவில்கள் பறிபோயின. மக்களைப் புராட்டஸ்டன்ட் ஆக்க எடுத்த முயற்சி மட்டும் பலிக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில், 1773ல், சேசு சபையையே ரோம் கலைத்தது. பிரெஞ்சு சேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1830களின் கடைசியில்தான். இடைப்பட்ட அறுபத்துச் சொச்ச வருஷத்தில் கோவாவிலிருந்து வந்த சில குருக்கள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் ஊர் ஊராக நம்பிக்கையைக் கட்டிக் காத்தவர்கள் உபதேசியார்களும் ஊர்த் தலைவர்களும் வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொடுத்த பெண்களும்தான். பனிமய மாதாவின் தங்கத் தேர் 1806ல் ஓடியது. மிஷன் நொடிந்துபோயிருந்த அந்தக் காலத்தில் அதைச் செய்து கொடுத்தவர் பரதவர்களின் சாதித்தலைவர்.

குருக்கள் திரும்பி வந்த பிறகு சண்டையும் சேர்ந்து வந்தது. போர்ச்சுகல் மன்னரின் பழைய உரிமைப்படி கோவா பக்கம் நிற்பவர்கள் ஒரு கட்சி, ரோமிலிருந்து நேரடியாக அனுப்பப்பட்டவர்கள் இன்னொரு கட்சி. ஒரே ஊரில் இரண்டு அதிகாரம். 1886ல் ரோமும் லிஸ்பனும் ஒப்பந்தம் போட்டு ஆயர் ஆட்சியமைப்பை ஒழுங்குபடுத்தும் வரை இந்தக் குழப்பம் நீடித்தது. 'மக்கள் கையில் கொடுத்தால் கோஷ்டிச் சண்டை வரும்' என்பவர்கள் இந்த வரலாற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

அப்போ எல்லாத்தையும் ஊர் கையிலேயே விட்டுவிடலாமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். இதே மறைமாவட்டத்துக்குள் இருக்கும் வடக்கன்குளம் நேர் எதிரான ஒரு பாடத்தைச் சொல்கிறது.

அங்கே 1872ல் எழும்பிய திருக்குடும்பக் கோவில், இரண்டு தனித்தனி நீள்கூடங்கள் பீடத்தருகே வந்து சேரும் வடிவில் கட்டப்பட்டது. கால்சட்டை மாதிரி. ஒரு காலில் வேளாளர், இன்னொன்றில் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். நடுவே சுவர். ஒரே பூசை, ஒரே சாமியார், ஆனால் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சுவரை விரும்பியது ஊரின் செல்வாக்குள்ள மக்கள். 1910ல் அதை இடிக்க வைத்தது சேசு சபை குரு கௌசானல்.

இடித்ததை எதிர்த்து வேளாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. சாதியின் பேரில் கோவிலுக்குள் தனி இட உரிமை கோர முடியாது என்று 1916ல் தீர்ப்பானது.

ஆக, சாமியாரின் அதிகாரம் சில நேரங்களில் பலவீனமானவர்களுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பாகவும் இருந்திருக்கிறது. ஊர் கமிட்டி என்ற பெயரில் நாலு பெரிய குடும்பங்கள் உட்கார்ந்துகொண்டால் அது மக்களாட்சி ஆகிவிடாது. தேர் எந்தத் தெருவில் போகும், யார் கொடியேற்றுவார், யாரை எந்தக் கல்லறையில் புதைப்பார்கள் என்பதில் எல்லாம் சாதி புகுந்துவிடும். இது பழங்கதை இல்லை. 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745ல் நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரசு அதிகாரி ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். குருவும் அல்ல, துறவியும் அல்ல. மனைவியோடு குடும்பம் நடத்திய மனிதர். 2022 மே 15 அன்று ரோமில் அவர் புனிதர் ஆனார். அதற்கு முன்பே அவர் பெயரிலிருந்த 'பிள்ளை' நீக்கப்பட்டது. இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதரிடமிருந்து சாதிப் பட்டத்தை எடுக்க முடிந்த திருச்சபைக்கு, பங்குக் குழுவிலிருந்து அதை எடுப்பது மட்டும் எப்படி முடியாமல் போகும்?

சட்டம் என்ன சொல்கிறது?

1983ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு இன்றும் நடைமுறையில் உள்ளது. இந்த விவகாரத்துக்கு முக்கியமான பிரிவுகள் சிலதான்.

பிரிவு 537: ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும். பங்குத்தந்தைக்குச் சொத்து நிர்வாகத்தில் உதவ மக்கள் அதில் இருக்க வேண்டும். 'எங்க ஊர்ல அப்படி ஒன்னும் இல்லையே' என்றால், அந்த ஊரில் சட்டம் மீறப்படுகிறது என்று அர்த்தம்.

பிரிவு 536: மேய்ப்புப்பணிக் குழு, அதாவது பங்குப் பேரவை. இது கட்டாயம் இல்லை. ஆயர் பொருத்தம் என்று நினைத்தால் அமைக்கலாம். அமைத்தாலும் அது ஆலோசனைதான் சொல்லும், முடிவு பங்குத்தந்தையுடையது.

பிரிவு 1287: மக்கள் கொடுத்த காணிக்கைக்கான கணக்கை மக்களுக்கே ஒப்புவிக்க வேண்டும். எப்படி என்பதை அந்தந்தப் பகுதியின் விதிகள் முடிவு செய்யும்.

பிரிவு 848: அருட்சாதனங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட காணிக்கைக்கு மேல் எதுவும் கேட்கக்கூடாது. வறுமை காரணமாக யாருக்கும் அது மறுக்கப்படக்கூடாது. வரி பாக்கியைக் காட்டி ஏழைக் குடும்பத்தின் கல்யாணத்தையோ குழந்தையின் ஞானஸ்நானத்தையோ தள்ளிப்போடுவது இந்தப் பிரிவோடு ஒத்துப்போகாது.

பிரிவு 212: திருச்சபையின் நன்மை குறித்த தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல மக்களுக்கு உரிமை உண்டு. சில நேரங்களில் அது கடமையும்கூட.

இதற்கு மேல், 2021 முதல் 2024 வரை நடந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் இன்னும் ஒரு படி முன்னே போனது. பங்குப் பேரவை போன்ற பங்கேற்பு அமைப்புகளைக் கட்டாயமாக்க வேண்டும், வெளிப்படைத்தன்மையும் பொறுப்புக்கூறலும் வழக்கமாக வேண்டும் என்று அது கேட்கிறது. 2021 மே மாதம் பாப்பரசர் பிரான்சிஸ், உபதேசியார் பணியை முறையான திருப்பணியாக அறிவித்தார். சவேரியார் 1542ல் கடற்கரையில் நம்பி ஒப்படைத்த வேலைக்கு ரோமில் முறையான அந்தஸ்து கிடைக்க 479 வருஷம் ஆகியிருக்கிறது.

பிரச்சினை எங்கே?

சட்டம் காகிதத்தில் இருக்கிறது. ஆனால் நிதிக்குழுவில் யார் இருக்க வேண்டும் என்று பங்குத்தந்தையே தேர்ந்தெடுத்தால், அவரைக் கேள்வி கேட்காதவர்கள்தான் உள்ளே வருவார்கள். ஊரே தேர்ந்தெடுத்தால் வடக்கன்குளம் மாதிரி ஆதிக்கக் குடும்பங்கள் உள்ளே வரும். இரண்டுமே ஆபத்துதான்.

கடற்கரை ஊர்களில் இது இன்னும் சூடான விஷயம். அங்கே மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோவிலுக்குக் கொடுப்பது தலைமுறை வழக்கம். கோவில்தான் பஞ்சாயத்து, கோவில்தான் புயல் அடித்தால் தங்கும் இடம், கோவில் மணிதான் அவசரத்துக்கு ஊரைக் கூட்டும் சைரன். 2011ல் கூடங்குளம் அணுவுலைக்கு எதிரான போராட்டம் இடிந்தகரை லூர்து மாதா கோவில் முற்றத்தில் பந்தல் போட்டு நடந்ததை நாடே பார்த்தது. அங்கே உட்கார்ந்தவர்களில் பெண்கள் ஏராளம். ஊரின் உயிர்ப் பிரச்சினைக்குத் தெருவில் நிற்கத் தெரிந்த பெண்களுக்கு, கோவில் கணக்குப் பார்க்க மட்டும் தெரியாதா?

மறுபக்கம், பங்குத்தந்தைகளின் சிரமமும் உண்மைதான். ஒரே ஆள் பூசை வைக்க வேண்டும், பள்ளிக்கூடம் நடத்த வேண்டும், கட்டட வேலை பார்க்க வேண்டும், ஊர்ச் சண்டை தீர்க்க வேண்டும், கிளைக் கோவில்களுக்கு வண்டி ஓட்ட வேண்டும். இதில் கணக்கும் அவர் தலையில். நேர்மையாக இருப்பவருக்குக்கூட, கணக்கு வெளியே தெரியாதவரை சந்தேகம்தான் மிஞ்சும். கணக்கைத் திறந்து வைப்பது முதலில் காப்பாற்றுவது நேர்மையான சாமியாரைத்தான்.

என்ன செய்யலாம்?

புரட்சி எதுவும் தேவையில்லை. ஆயர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நடக்கக்கூடிய காரியங்கள்தான்.

ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை ஞாயிறு பூசை முடிந்ததும் வாசித்து, கோவில் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். வெளியூரில் இருப்பவர்களும் வரி கட்டுகிறார்கள்; பங்கின் வாட்ஸ்ஆப் குழுவில் அதே தாளைப் போட்டால் போதும்.

இரண்டு, நிதிக்குழுவிலும் பங்குப் பேரவையிலும் பாதிப் பேர் பெண்கள். கிளைக் கோவில்களுக்கும் தலித் குடும்பங்களுக்கும் உறுதியான இடம். அன்பியம் வாரியாகத் தேர்வு நடந்தால் ஒரே தெரு எல்லா நாற்காலியையும் பிடிக்க முடியாது.

மூன்று, மூன்று வருஷத்துக்கு மேல் ஒருவர் தொடர்ந்து இருக்கக்கூடாது. சாமியாருக்கு மாறுதல் உண்டென்றால் கமிட்டிக்காரருக்கும் மாறுதல் வேண்டும்.

நான்கு, வரி பாக்கியையும் சான்றிதழையும் பிரிக்க வேண்டும். பாக்கிக்கு ரசீது போட்டுத் தனியாக வசூலிக்கலாம். ஞானஸ்நானப் பதிவு அந்த மனிதருடையது; அதைப் பிணையாக வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் கிடையாது.

ஐந்து, பேரவையின் ஆலோசனையைப் பங்குத்தந்தை ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடமே இருக்கட்டும், சட்டப்படி அதுதான் நிலை. காரணம் சொல்லும் கடமையும் அதோடு சேரட்டும். செல்வாக்குள்ளவர்கள் மறுபடி ஒரு சுவர் எழுப்பப் பார்த்தால், இந்த எழுத்தே அவருக்கும் பாதுகாப்பாக இருக்கும்.

இதில் இளைஞர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆபீஸில் எக்செல் ஷீட்டோடு குடித்தனம் நடத்துகிறவர்கள், வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வந்து சப்பரத்தை வீடியோ எடுத்துவிட்டு, 'ஊர்ல கணக்கே சரியில்ல' என்று குறைப்பட்டுக்கொண்டு ரயில் ஏறினால் எதுவும் மாறாது. ஆடிட்டராக இருப்பவர் ஒரு வாரயிறுதியைப் பங்குக் கணக்குக்குக் கொடுக்கலாம். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் கரையான் அரிக்கும் முன் அவற்றை ஸ்கேன் செய்ய மென்பொருள் தெரிந்தவர் உதவலாம். இதற்கு யாரையும் எதிர்க்க வேண்டியதில்லை.

நூறு வருஷத்துக்கு முன்பு, இந்தியர் ஒருவரை ஆயராக்கினால் என்ன ஆகுமோ என்று தயங்கியவர்கள் இருந்தார்கள். அவர் வந்தார், 30 வருஷம் நடத்தினார், ஒன்றும் இடிந்து விழவில்லை. ஊர்மக்கள் முன் கணக்கை வாசித்தாலும் ஒன்றும் இடிந்து விழாது. அடுத்த கொடியேற்றத்துக்கு வசூல் நோட்டு வீடு வீடாக வரும்போது, போன வருஷக் கணக்கும் அதோடு சேர்ந்து வரட்டும். தொடக்கத்துக்கு அது போதும்.